வேகம் போன பேஸ்பால் பிட்சர் திரும்பி வருவது எப்படி? மோயர் 79 மைலில் ஜெயித்தார், லின்சிகம் 88 மைலில் தோற்றார்

மூணு_ரெண்டு_கவுன்ட் கேட்டது:

2012 ஏப்ரல் 17. கொலராடோ ராக்கீஸ் அணிக்காகப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜேமி மோயர் 7 இன்னிங்ஸ் போட்டு பாட்ரேஸ் அணியை 5-3 என்று ஜெயித்தார். வயசு 49 வருஷம் 150 நாள். மேஜர் லீக்கில் (அமெரிக்காவின் உச்ச லீக்) அவ்வளவு வயசில் ஆட்டம் ஜெயித்த பிட்சர் வேறு யாரும் கிடையாது. 2011 சீசன் முழுக்க முழங்கை அறுவை சிகிச்சையிலேயே போய்விட்டது. அன்றைக்கு அவர் போட்டதில் ஒரு பந்துகூட மணிக்கு 79 மைலைத் தாண்டவில்லை. 127 கி.மீ.தான்.

2016-ல் டிம் லின்சிகம் ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்தார். இரண்டு சை யங் விருது (வருஷத்தின் சிறந்த பிட்சருக்கு) வாங்கினவர், வயசு 32, கையில் 87, 88 மைல் மிச்சம் இருந்தது. 9 ஆட்டம், ஈ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 9.16. மேஜர் லீக்கில் அதோடு சரி.

பத்து மைல் கூட வைத்திருந்தவர் ஏன் அடி வாங்கினார்? "கன்ட்ரோல் இருந்தா போதும்" என்ற பதில் வேண்டாம். அந்தக் கன்ட்ரோல் என்னதான் செய்கிறது என்று உடைச்சுச் சொல்லுங்க.

---

புல்பென்_வாசல்:

நேரக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். பிட்சர் நிற்கும் மேட்டில் (மவுண்டு) பதித்த ரப்பர் பட்டையிலிருந்து, பேட்டர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டின் பின்முனை 60 அடி 6 அங்குலம். பிட்சர் ரப்பரிலிருந்து ஏறக்குறைய ஆறடி முன்னால் வந்துதான் பந்தை விடுகிறார். அங்கிருந்து பிளேட்டின் முன்விளிம்பைத் தொட 95 மைல் பந்துக்குச் சுமார் 0.40 வினாடி, 85 மைல் பந்துக்கு 0.44. பத்து மைல் போனதில் பேட்டருக்குக் கிடைத்தது அந்த 4 சதவினாடி. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் "சுத்தலாமா, விடலாமா" என்று முடிவெடுக்கும் இடத்தில் அது பெரிய தொகை.

அதைத் திருப்பி வாங்க ஒரே இடம், ஃபாஸ்ட்பாலுக்கும் (முழு வேகப் பந்து) மற்ற பந்துக்கும் உள்ள வேக இடைவெளி. மோயரின் ஃபாஸ்ட்பால் 78 என்றால் சேஞ்சப் (அதே கைவீச்சில் மெதுவாக வரும் பந்து) அதற்கு எட்டு, பத்து மைல் கீழே வரும். இரண்டும் ஒரே கை வேகத்தில், ஒரே உயரத்தில் கையை விட்டு வெளியேறும்.

வேகத்தை நம்பி வாழ்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபாஸ்ட்பால் 94, சேஞ்சப் 84 வைத்திருந்தவருக்கு வயசாகிறது. ஃபாஸ்ட்பால் 88-க்கு இறங்கும், சேஞ்சப் மட்டும் 83-லேயே நிற்கும். பத்தாக இருந்த இடைவெளி ஐந்தாகிவிடும். ஃபாஸ்ட்பாலுக்குக் கொஞ்சம் சீக்கிரம் சுத்தினாலும் சேஞ்சப் மட்டையில் படும். பேட்டர் ஏமாறவே தேவையில்லை, தற்செயலாகவே அடித்துவிடுவார்.

சரிசெய்கிறேன் என்று பலர் கையை மெதுவாக்குவார்கள். அது தற்கொலை. கை மெதுவானது பேட்டருக்கு முதலில் தெரியும். பந்தை உள்ளங்கைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பக்கவாட்டில் வளையமாக்கி, நடு, மோதிர விரல்களால் விட வேண்டும். கை முழு வேகத்தில் வரும், பந்து மட்டும் வராது.

---

இடதுகை_ஏலம்:

மேலே சொன்னது சரி, ஆனால் லின்சிகமுக்கு அது பாதிக் காரணம்தான். மீதி இடுப்பில் இருக்கிறது.

ஐந்தடி பதினோரு அங்குல ஆள் 94 போட்டது கைவலிமையால் இல்லை. தன் உயரத்தைவிட நீளமாக ஒரு எட்டு வைப்பார். அந்த நீட்சியில் இடுப்பு திரும்பி, உடம்பு கையை இழுத்துக்கொண்டு வரும். 2015 செப்டம்பரில் இடது இடுப்பில் அறுவை சிகிச்சை. வலதுகைக்காரருக்கு இடதுகால்தான் இறங்கும் கால். அந்த இடுப்பு தாங்காவிட்டால் எட்டு குறையும், கை முந்திக்கொள்ளும், பந்து மேலேயே மிதக்கும். வேகம் மட்டும் போகவில்லை, கன்ட்ரோலும் அதே வாசல் வழியாகத்தான் போனது.

மோயருக்கு இழக்க வேகமே இல்லை. சியாட்டிலில் 2001, 2003 இரண்டு வருஷமும் இருபதோ அதற்கு மேலோ ஜெயித்தபோதே அவர் பந்து எண்பதுகளின் முதல் பாதிதான். அவருடைய உடம்பும் பந்து வரிசையும் முதலிலேயே மெது வேகத்துக்குக் கட்டப்பட்டவை.

அதனால் யாராவது "கம்பேக்" என்று சொன்னால் நான் பார்ப்பது வேகம் எப்போது, எங்கிருந்து போனது என்பதைத்தான். முதல் இன்னிங்ஸில் 90, ஐந்தாவதில் 86 என்றால் தெம்புப் பிரச்சினை, ஓரளவு சரியாகும். முதல் பந்தே 86 என்றால் மூட்டிலோ தசைநாரிலோ கோளாறு. பந்தை விடும் இடம் பழையபடி முன்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓரடி பின்வாங்கினால், ரேடாரில் அதே எண் வந்தாலும் பேட்டருக்கு ஒன்றே முக்கால் மைல் குறைவாகத்தான் தெரியும். முழங்கைத் தசைநார் மாற்று சிகிச்சை முடித்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். தோள்பட்டை என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு.

---

மூணு_ரெண்டு_கவுன்ட்:

சரி, அறுவை சிகிச்சை முடிந்த கை மறுபடி மவுண்டுக்கு வருவது எப்படி? எங்கே கெடுகிறது?

---

ஐஸ்_பாக்கெட்:

முழங்கைக்கு வழக்கமான ஏணி இது. சுமார் நாலு மாசம் கழித்து 45 அடியில் சமதரையில் ஆரம்பம். கையைச் சூடாக்கி 25 வீச்சு, ஐந்து பத்து நிமிஷம் ஓய்வு, மறுபடி சூடாக்கி 25. அது வலியில்லாமல் போனால் அடுத்த முறை மூன்று 25. பிறகு 60, 90, 120, 150, 180 அடி என்று அதே முறை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வலி வந்தால் ஒரு படி கீழே. மவுண்டில் முதலில் பாதி பலத்தில் 15 ஃபாஸ்ட்பால், பிறகு எண்ணிக்கை ஏறும், அதன்பின் முக்கால் பலம். வளையும் பந்துகளான கர்வ்பால், ஸ்லைடர் கடைசியில். முழு ஆட்டத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும்.

கெடுவது "பாதி பலம்" என்ற சொல்லில். பாதி பலத்தில் போடச் சொன்னால் பிட்சர்கள் முழு வேகத்தில் எண்பது சதவீதத்துக்கு மேலேயே போடுவார்கள். பொய்யில்லை, உடம்புக்கு அப்படித்தான் தோன்றும். அதனால் உணர்வை நம்பாமல் ரேடாரை வைத்து மேல்வரம்பு போட வேண்டும்: 90 போடுகிறவருக்கு இன்றைக்கு 70, தாண்டினால் நிறுத்து.

அதே ரேடார் மார்ச் மாச ஸ்பிரிங் டிரெயினிங்கில் (சீசனுக்கு முந்தின பயிற்சி முகாம்) எதிரியாகும். ஸ்கவுட் உட்கார்ந்திருக்கிறார், எண் 86 காட்டுகிறது, "92 வரணுமே" என்று பிட்சர் இழுத்துப் போடுவார். முன்தோள் சீக்கிரம் திறந்துவிடும், பந்து உயரும், நாலு நாளில் தோள்பட்டை வலி. நாற்பதை நெருங்குகிறவருக்கு இரண்டு ஆட்டத்துக்கு நடுவே நாலு நாள் ஓய்வும் போதாது, ஐந்து கேளுங்கள்.

---

நடுவிரல்:

ரிச் ஹில்லைச் சொல்லாமல் இந்தத் திரி முடியக்கூடாது. 2015-ல் 35 வயசு. நேஷனல்ஸின் மைனர் அணியை விட்டு வெளியே வந்து, லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற சுயேச்சை லீக் அணிக்கு இரண்டு ஆட்டம்: 11 இன்னிங்ஸ், 21 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), ரன் இல்லை. செப்டம்பரில் ரெட் சாக்ஸுக்கு நாலு ஆட்டம், ஈ.ஆர்.ஏ. 1.55. 2016 டிசம்பரில் டாட்ஜர்ஸ் மூன்று வருஷத்துக்கு 4.8 கோடி டாலர் கொடுத்தார்கள்.

ஃபாஸ்ட்பால் 90 சொச்சம்தான். மாறியது விகிதம். கர்வ்பாலை ஏறக்குறைய ஃபாஸ்ட்பால் அளவுக்கே போட ஆரம்பித்தார். "ஃபாஸ்ட்பாலில் முந்திக்கொள், கர்வில் முடி" என்ற பாடத்தைத் திருப்பிப் போட்டதுதான் வித்தை. முதல் பந்தே 74-ல் கர்வ், ஸ்ட்ரைக். பேட்டர் கண் கீழே இறங்கிவிட்டது. அடுத்தது ஸ்ட்ரைக் சோனின் (ஸ்ட்ரைக்காக எண்ணப்படும் பகுதி) மேல் விளிம்பில் 90. அது 95 மாதிரி வந்து இறங்கும். "வயசானால் பந்தைக் கீழேயே வை" என்று சொல்பவர்களுக்கு இது பிடிக்காது. பந்து நன்றாகச் சுழன்றால் மேலே போடலாம். சுழற்சி குறைவு, வேகம் 84 என்றால் அந்த இடம் ஹோம் ரன்தான், கீழே இறங்கும் பந்தான சிங்கரோடு கீழேயே இருங்கள்.

இதற்கு ஒரு வாடகை உண்டு: கொப்புளம். கர்வ்பாலில் நடுவிரல் நுனிதான் தையலை இழுக்கிறது. வியர்வை ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தோல் கிளம்பும். ஹில் 2016, 2017 இரண்டு சீசனிலும் இதனால் பல வாரம் இழந்தார். பிளாஸ்திரி போடலாமே என்றால், பிட்சர் கையில் எதையும் ஒட்டிக்கொள்ள விதி இடம் தராது. ஊசியளவு கொப்புளம், பருவமே போகும்.

---

மூணு_ரெண்டு_கவுன்ட்:

மோயர், ஹில், எல்லாம் இடதுகைக்காரர்களாகவே இருக்கிறார்களே? வலதுகைக்காரருக்கு வழியே இல்லையா? 35-க்கு மேல் புதுப் பந்து கற்க முடியுமா?

---

புல்பென்_வாசல்:

இடதுகைக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு. பேட்டர்களுக்குப் பழக்கம் குறைவு, அணிகளுக்குப் பொறுமை அதிகம். இரண்டும் சேர்ந்துதான்.

வலதுகையில் பார்த்தோலோ கொலோன். என் இடைவெளிக் கணக்குக்கு நேர் எதிரான ஆள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பத்தில் எட்டு பந்துக்கு மேல் ஃபாஸ்ட்பால். 2016-ல் மெட்ஸுக்காக 43 வயசில் 15 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 3.43. ஒன்று நேராக, ஒன்று உள்ளே வளைந்து, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைல் வித்தியாசத்தில். மோயர் ஜெயித்த மறுநாள், 2012 ஏப்ரல் 18, கொலோன் ஏஞ்சல்ஸுக்கு எதிராக வரிசையாக 38 ஸ்ட்ரைக் போட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் ஊக்கமருந்துக்காக 50 ஆட்டத் தடை வாங்கினதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும்.

புதுப் பந்துக்கு உதாரணம் சி.சி. சபாத்தியா. இறங்கும் கால் முட்டி தேய்ந்து வேகம் போனபின், 2016-ல் கட்டரை (கடைசியில் லேசாக விலகும் ஃபாஸ்ட்பால்) கையிலெடுத்தார். 2017-ல் 14 வெற்றி, 5 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.69. கட்டர் பிடி ஃபாஸ்ட்பால் பிடிதான், விரல்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்ந்து நடுவிரல் அழுத்தும், மணிக்கட்டைத் திருப்பக்கூடாது. திருப்பினால் அது சோம்பேறி ஸ்லைடராகி நடுவில் தொங்கும். குளிர்காலம் முழுக்கப் போட்டுப் பழகணும். சீசன் நடுவில் ஆரம்பித்தால் ஃபாஸ்ட்பாலும் சேர்ந்து வளைய ஆரம்பிக்கும்.

---

இடதுகை_ஏலம்:

கேள்வியில் ஒன்று விட்டுப்போச்சு. மோயரும் நீடிக்கவில்லை. அந்த ஆட்டத்தையும் சேர்த்து 2012-ல் 10 ஆட்டம், 2 வெற்றி, 5 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.70. மே மாசக் கடைசியில் ராக்கீஸ் கழற்றிவிட்டது.

டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். காற்று மெலிசு. சுழலும் பந்து வளையக் காற்று வேண்டும். அங்கே சிங்கர் குறைவாக வளையும், கர்வ் குறைவாக விழும், அடிபட்ட பந்தோ கூடுதல் தூரம் போகும். வளைவை நம்பி வாழ்கிற 49 வயசுக்காரர் அதைவிட மோசமான மைதானத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. வாய்ப்புக் கொடுத்தது அவர்கள் மட்டும் என்றால் என்ன செய்வது.

இன்னொன்று, ஒரே ஆட்டத்தில் மூன்றாவது தடவை வரும் பேட்டர். எல்லா பிட்சருக்கும் அது ஆபத்துதான். இவர்களுக்கு அந்தச் சமயத்தில் அவசரத்துக்கு எடுத்துப் போட ஒரு 93 இல்லை. பதினெட்டு பேட்டரோடு எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

---

ஐஸ்_பாக்கெட்:

விளிம்பில் வாழ்பவர்களுக்கு இப்போது இடமும் சுருங்குகிறது. 2008-ல் சராசரி ஃபோர்-சீம் (நேராக வரும் ஃபாஸ்ட்பால்) 92 மைல் பக்கம் இருந்தது, இப்போது 94. 2023-லிருந்து பிட்ச் கடிகாரம், பேஸில் ஓட்டக்காரர் யாரும் இல்லாவிட்டால் 15 வினாடிக்குள் போட்டாகணும். மூச்சு வாங்க நேரமில்லை. 2026 முதல் பந்து-ஸ்ட்ரைக் தீர்ப்பைக் கருவியிடம் மேல்முறையீடு செய்யலாம். பிளேட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே போட்டு, கேட்சர் கையுறையை நைசாக உள்ளே இழுத்து வாங்கும் ஸ்ட்ரைக், முக்கியமான கட்டத்தில் தன் தலையில் தட்டி மேல்முறையீடு கேட்கும் பேட்டரால் ரத்தாகும்.

2023 செப்டம்பர் 18-ல் ஆடம் வெயின்ரைட்டின் 200-வது வெற்றியைப் பாருங்கள். 42 வயசு, வலதுகை. ப்ரூவர்ஸுக்கு எதிராக 7 இன்னிங்ஸ் ரன்னில்லாமல், 1-0. கர்வ்பால் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த சீசனில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 7.40.