மறு: நிற்கிற வண்டியில் பேட்டரியைக் காலி செய்யும் மின்னோட்டத்துக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்வியை அவசரமாகப் போட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று சொல்லவே இல்லை. அதைச் சொன்னால்தான் வந்திருக்கும் பரிந்துரைகளில் எது பொருந்தும் என்று பார்க்க முடியும்.

அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்தில், எங்கள் வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் புல். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை விடாமல் வளரும். வெட்டுவதற்கு ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வைத்திருக்கிறேன். அதில் இருப்பது கடைகளில் யூ-1 என்று கேட்டால் தருகிற 12 வோல்ட் காரீய-அமில பேட்டரி. வாராவாரம் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி. பேட்டரி செத்துவிட்டது என்றார்கள், புதிது போட்டேன். அடுத்த கோடையில் அதே ‘டக்’.

‘செத்துப்போச்சு’ என்ற அந்த ஒரு சொல்தான் என்னை இரண்டு பேட்டரி வாங்க வைத்தது. அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றம் போகாமல் இருக்கலாம். அல்லது ஏறியது உள்ளேயே தங்காமல் போகலாம். தகட்டில் சல்பேட்டு கெட்டிப்பட்ட பழைய பேட்டரிகள் அப்படித்தான். அல்லது பேட்டரியும் நன்றாக இருந்து, மின்னேற்றமும் நன்றாக இருந்து, வண்டி சும்மா நிற்கும்போது வேறேதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கலாம்.

என்னுடையது மூன்றாவது. இன்ஜின் ஓடுகையில் முனைகளில் 14.1 வோல்ட், அதனால் மின்னேற்றத்தில் பழுதில்லை. பேட்டரியை முழுதாக ஏற்றி, கழற்றி, கராஜ் அலமாரியில் இரண்டு வாரம் வைத்தேன். 12.6 காட்டியது, ஆக அதுவும் நல்ல பேட்டரி. திரும்ப மாட்டி, எதிர்முனைக் கம்பியை மட்டும் கழற்றி, மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் துளையில் சொருகி, கம்பிக்கும் முனைக்கும் நடுவில் வைத்தேன். சாவி அணைந்திருக்கிறது. மீட்டரில் 0.07 ஆம்பியர். (அந்த நிலையில் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பிவிடாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். எனக்குப் போனது.)

0.07 பார்க்கச் சின்ன எண்தான். பேட்டரியின் கொள்ளளவை 30 ஆம்பியர்-மணி என்று வைத்தால் 428 மணி நேரம், அதாவது பதினெட்டு நாளில் முழுக்கக் காலி. ஸ்டார்ட்டர் அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடும். ஏழு நாளுக்குத் தாங்கியதும் மூன்று வாரத்துக்குத் தாங்காததும் இப்போது புரிகிறது அல்லவா? புதுக் கார்களில் கடிகாரம், அலாரம் என்று ஏதாவது விழித்திருக்கும், அதனால் 0.05 வரை பொறுத்துக்கொள்வார்கள். என் பழைய வண்டியில் விழித்திருக்க எதுவுமே இல்லை. சுழியம்தான் வந்திருக்க வேண்டும்.

குற்றவாளி, இன்ஜின் ஓரத்தில் துடுப்புத் துடுப்பாக இருக்கும் ரெகுலேட்டர். மின்சாரத்தை பேட்டரிப் பக்கம் மட்டும் விட வேண்டிய ஒருவழிக் கதவு அது, திரும்பியும் விட்டுக்கொண்டிருந்தது. அதன் சொருகியைப் பிடுங்கியதும் மீட்டர் 0.00.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> மின்கசிவு போதுமே. மக்களுக்குத் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதே இதில் சிக்கல். ‘மின்கசிவால் குடிசை எரிந்தது’ என்று நாளிதழில் படித்துப் பழகியவர், புல்வெட்டியில் மின்கசிவு என்றால் தொடவே பயப்படுவார்.

> ஒட்டுண்ணி மின்னோட்டம்

‘பாரசைட்டிக் டிரா’ (parasitic draw) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர் சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்னணுவியலில் ஒட்டுண்ணி மின்தேக்குத்திறன் (கபாசிட்டன்ஸ்) என்று வேறொன்று இருக்கிறது. அது கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே தானாக வந்து சேர்வது. இரண்டையும் ஒரே தொழுவத்தில் கட்ட வேண்டுமா? இதையே ‘புல்லுருவி’ என்று மாற்றிய நண்பரின் குறும்பை ரசித்தேன். புல்வெட்டியில் புல்லுருவி! ஆனால் காருக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிடும்.

> மின்வடிவு

மின்வடிவம் என்று படித்துவிட்டு மின்னூலைத் தேடுவார்கள். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கோ வடிவு என்றால் அழகு.

என் முன்மொழிவு: ஓய்விழுப்பு. ‘எங்கயோ கரண்ட் இழுக்குது’ என்றுதான் கோயம்புத்தூரில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் சொல்வார். அந்த வினையை விட மனமில்லை. எப்போது இழுக்கிறது? வண்டி ஓய்வில் இருக்கும்போது. ஓய்வு + ஊதியம் ஓய்வூதியம் ஆனதுபோல ஓய்வு + இழுப்பு. வேலை செய்யாத நாளிலும் மாதாமாதம் எடுத்துக்கொள்வது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. (பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் சீக்கிரம் வாங்கப் போகிறவன்தான்.)

அலமாரியில் வைத்த பேட்டரி தானாக இறங்குவதற்கு இது ஆகாது. அதற்குத் தன்னிறக்கம் என்று வைக்கலாம். டிஸ்சார்ஜுக்கு மின்னிறக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

—

ஐயா,

ஓய்விழுப்பு நன்று. இரண்டு ஐயங்கள். ஒன்று, இழுப்பு என்றால் எங்கள் வீட்டில் மூச்சிழுப்புதான்; அம்மாவுக்கு உண்டு. இரண்டு, சாவியை அணைக்க மறந்து பேட்டரி இறங்கினால் அதுவும் ஓய்விழுப்பா? வண்டி ஓய்வில்தானே நிற்கிறது?

—

அம்மா,

முதல் ஐயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நோயின் பெயரை வண்டியின் நோய்க்குத்தானே வைக்கிறோம் என்று சமாளிக்கலாம். ‘ஓய்வு’ முன்னால் நிற்பதால் குழப்பம் குறையும் என்று நம்புகிறேன். உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். முகம் சுளித்தால் மாற்றிவிடலாம்.

இரண்டாவது கேள்வி என்னைக் கராஜுக்கே அனுப்பிவிட்டது. போன மாதம் கத்தி சுழலும்போதே, வழியில் கிடந்த கிளையை எடுக்க இறங்கினேன். இருக்கைக்கு அடியில் உள்ள பாதுகாப்புச் சுவிட்ச் இன்ஜினை நிறுத்தியது. நின்றுவிட்டதே என்று உள்ளே போய்விட்டேன். சாவி அப்படியே இருந்தது. கார்புரேட்டருக்கு அடியில், சாவி அணைந்ததும் பெட்ரோலை அடைக்கும் சோலனாய்டு (மின்காந்த அடைப்பான்) ஒன்று உண்டு. சாவி திறந்திருக்கும்வரை அது மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். இன்று அளந்தேன்: 0.8 ஆம்பியர். அந்தக் கணக்கில் ஒன்றரை நாளில் பேட்டரி காலி.

இதை ஓய்விழுப்பில் சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. சோலனாய்டு தனக்கு இட்ட வேலையைச் செய்தது, மறந்தது நான். எனவே வரையறையில் ‘வண்டி நிற்கையில்’ என்பதை அடித்துவிட்டு ‘சாவி அணைந்த பின்னும்’ என்று எழுதியிருக்கிறேன். அகராதிப் பக்கத்தில் இப்படிப் போடலாமா?

ஓய்விழுப்பு: சாவி அணைந்த பின்னும் வண்டியின் மின்சுற்று பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம். ஆம்பியரில் அளப்பது.

புது ரெகுலேட்டர் வியாழக்கிழமை வருகிறது. மாட்டிவிட்டு அளவை எழுதுகிறேன்.