படுவொளி, மீளொளி: லைட் மீட்டர் தேர்வுக்குச் சில சொற்கள்

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒளிப்பட மாணவர்களுக்கான கையேட்டில் கையடக்க லைட் மீட்டர் வாங்குவது பற்றி ஒரு பகுதி எழுதி வருகிறேன். கருவிக்கு 'ஒளிமானி' என்று போட்டாயிற்று. சிக்கல் அடுத்த வரியில்தான். பொருள்மேல் விழும் ஒளியை அளக்கும் இன்சிடென்ட் முறைக்கு 'நேரடி ஒளி' என்றும் பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கும் ரிஃப்ளெக்டட் முறைக்கு 'எதிரொளி' என்றும் வரைவில் வைத்திருக்கிறேன். ஃபிலிமில் விழும் ஒளியின் அளவான எக்ஸ்போஷர் 'வெளிப்பாடு' ஆகிவிட்டது. ஒளி இரட்டிப்பதையோ பாதியாவதையோ குறிக்கும் ஸ்டாப்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திருத்துங்கள்.

———

> இன்சிடென்ட் = 'நேரடி ஒளி'

இது வேண்டாம் தம்பி. சொல் பிடிக்காமல் சொல்லவில்லை, படம் கெட்டுப்போகும் என்பதால் சொல்கிறேன். 'நேரடி' என்று படிக்கிறவன் மீட்டரை விளக்குக்கு நேராகப் பிடிப்பான். செய்ய வேண்டியது வேறு: ஆள் நிற்கும் இடத்தில், முகத்துக்குப் பக்கத்தில் மீட்டரை வைத்து, வெள்ளைக் குமிழைக் கேமராவைப் பார்க்கத் திருப்ப வேண்டும். அரைக்கோளமாக அதைச் செய்ததே முகத்தின் வளைவை ஒத்திருக்கத்தான். முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் ஒளியை அது சேர்த்து வாங்கும்.

பக்கவாட்டில் ஒரு விளக்கு மட்டும் எரிகிறது என்று வையுங்கள். குமிழை அதை நோக்கித் திருப்பினால் ஒளிபட்ட பாதி மட்டும் கணக்கில் வரும். ரீடிங் ஏறும், அதன்படி துளையைச் சுருக்குவோம், முகத்தின் நிழற்பாதி கறுத்துவிடும்.

விளக்கை நோக்கிப் பிடிக்கும் வேலையும் உண்டு, ஆனால் அதற்குக் குமிழ் ஆகாது. தட்டையான வெள்ளை வட்டு வேண்டும், அல்லது குமிழை உள்ளே இறக்கும் வசதி வேண்டும். ஒரு விளக்கைக் கையால் மறைத்து மற்றதை அளப்பார்கள். கீ லைட் (முதன்மை விளக்கு) எஃப் 8, ஃபில் (நிழலை நிரப்பும் விளக்கு) எஃப் 4 என்று துளை எண் வந்தால் வித்தியாசம் இரண்டு ஸ்டாப், நாலுக்கு ஒன்று.

என் பரிந்துரை 'படுவொளி'. பள்ளிப் பாடத்தில் படுகதிர், படுகோணம் ஏற்கெனவே இருக்கின்றன. படிக்காதவர்களும் 'வெயில் படுற இடம்' என்றுதான் சொல்கிறார்கள். பொருள்மேல் படுகிற ஒளி, அவ்வளவே. ('படு' முற்றியலுகரம், எனவே இடையில் வகரம் வரும். 'படுஒளி' என்று பிரித்து எழுதாதீர்கள்.)

———

> ரிஃப்ளெக்டட் = 'எதிரொளி'

அச்சில் இது நிச்சயம் 'எதிரொலி' ஆகும். தட்டச்சில் ளகரம் லகரமாவது ஒரு நொடிப் பிசகு. எதிரொலியும் அகராதிச் சொல் என்பதால் பிழைதிருத்தி வாய் திறக்காது. 'மீளொளி' என்றால் இந்தத் தொல்லை இல்லை. லகரம் விழுந்தாலும் அப்படியொரு சொல் வழக்கில் இல்லாததால் கண்ணில் படும்.

———

இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் 'தெறிப்பு' என்றே படித்தோம்: படுகதிர், தெறிகதிர். 'தெறியொளி' என்பதையும் பரிசீலியுங்கள். படுவொளி இரு கரையிலும் விளங்கும், அதில் மறுப்பில்லை.

———

தெறியொளியை இணைச்சொல்லாகக் கொடுத்துவிடலாம். அதைவிட முக்கியமானது, எந்தச் சொல் வைத்தாலும் பக்கத்தில் வர வேண்டிய எச்சரிக்கை. மீளொளி மானி தன் முன்னால் உள்ளது நடுச்சாம்பல் என்று எண்ணிக்கொண்டே அளக்கும். மணமகனின் வெள்ளை வேட்டியை அளந்தால் வேட்டி சாம்பலாகும். கறுப்புக் கோட்டை அளந்தால் கோட்டும் சாம்பலாகும். நல்ல வெள்ளைத் துணி விழும் ஒளியில் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும், நடுச்சாம்பல் அட்டை 18 விழுக்காடு. ஐந்து மடங்கு, அதாவது இரண்டே கால் ஸ்டாப்புக்கு மேல் பிழை. படுவொளி அளவீடு துணியைப் பார்ப்பதே இல்லை, அதனால் இந்தப் பிழையும் இல்லை. ஆனால் அது கிட்டப்போக முடிகிற இடத்துக்குத்தான். எதிர்க்கரையில் உள்ள கோபுரத்துக்கு மீளொளிதான் கதி.

தொலைவிலிருந்து சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை 'புள்ளிமானி' ஆக்கிவிடாதீர்கள். அது புள்ளியை அளப்பதில்லை, 1 பாகைக் கூம்பை அளக்கிறது. 10 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 17 செ.மீ. வட்டம். செகானிக் எல்-308எக்ஸ் என்ற சாதாரண கையடக்க மானியின் மீளொளிக் கோணம் 40 பாகை. அதே தொலைவில் 7 மீட்டருக்கு மேல் விரியும். முகமும் சுவரும் வானமும் எல்லாம் உள்ளே வந்துவிடும். 'குறுங்கோண மானி' என்றால் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் சொல்லிலேயே இருக்கும்.

———

'ஒளிமானி' பற்றி ஓர் ஆட்சேபம். ஆய்வகத்து போட்டோமீட்டருக்கு அந்தச் சொல் முன்பே போய்விட்டது. மின்பணியாளர் வைத்திருக்கும் லக்ஸ் மீட்டரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இரண்டும் ஒன்றென்று நினைத்து மாணவர் மலிவான லக்ஸ் மீட்டரை வாங்கிவிடுவார். நிலையான ஒளிக்கு அது உதவாமல் இல்லை. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன் எண்) 100-இல், இரண்டை ஈ.வி. (எக்ஸ்போஷர் அளவெண்) எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி 2.5-ஆல் பெருக்கினால் லக்ஸ் வரும்: ஈ.வி. 15 ஏறத்தாழ 82,000 லக்ஸ், அதாவது நல்ல வெயில், எஃப் 16, 1/125 நொடி. ஆனால் ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் முடிந்துபோகும். லக்ஸ் மீட்டர் அதைப் பிடிக்காது. ஸ்டுடியோவில் வேலை செய்பவர் ஃபிளாஷ் அளக்கும் வசதி உண்டா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

'வெளிப்பாடு' கவிதைக்கு ஆகும், ஃபிலிமுக்கு ஆகாது. 'ஒளிபடுகை' எனலாம். கருவி 'ஒளிபடுகைமானி' ஆனால் நாக்கு சுளுக்கும் என்பது தெரியும். தலைப்பில் ஒருமுறை முழுப்பெயர், பிறகு 'மானி' போதும். தளத்திலும் 'மீட்டர் எங்கே?' என்றுதானே கேட்கிறார்கள்.

———

ஸ்டாப்புக்கு 'படி'. ஏறினால் இரட்டிப்பு, இறங்கினால் பாதி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. இரட்டித்து அளப்பது நம் அரிசிக்கடைக் கணக்குதான். 'ஒரு படி குறை' என்றால் உதவியாளருக்கு விளக்கம் தேவைப்படாது.

———

படி அருமை. இனி, பழைய மானி வாங்குவோருக்கான பத்திக்குச் சில குறிப்புகள்.

செலினிய மானிக்குப் பேட்டரி தேவையில்லை. ஆனால் ஈரமும் வயதும் ஒளிமின்கலத்தைத் தின்னும். உள்ளங்கையால் கலத்தை முழுக்க மூடுங்கள், முள் சுழியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுழித் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். அடுத்து வெயில், நிழல், வீட்டுக்குள் என மூன்று இடத்திலும் நம்பகமான இன்னொரு மானியோடு ஒப்பிடுங்கள். வெயிலில் மட்டும் பார்த்து வாங்குவதுதான் வழக்கமான ஏமாற்றம்: தளர்ந்த கலம் வெயிலில் சரியாகக் காட்டி, மங்கலில் இரண்டு படி தவறலாம்.

காட்மியம் சல்பைடு மானி மங்கலில் நன்றாக அளக்கும், ஆனால் நிதானம். வெயிலைப் பார்த்த கையோடு உள்ளே கொண்டுவந்தால் பழைய வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் 'நினைவில்' வைத்திருக்கும். காஸன் லூனாசிக்ஸ் 3 போன்றவை 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காகச் செய்யப்பட்டவை. இப்போது கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் ரீடிங் தவறும், மின்னழுத்தம் இறங்க இறங்கத் தவறும் மாறும். காதுக்கருவிக்கான துத்தநாக-காற்று மின்கலம் இதற்கு நெருங்கி வரும், சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

புதிதாக வாங்குவோருக்கு சிலிக்கான் ஒளிமின்கல மானி. எல்-308எக்ஸ் ஒற்றை ஏ.ஏ. பேட்டரியில் ஓடும், படுவொளி, மீளொளி, ஃபிளாஷ் மூன்றும் அளக்கும். தலை திரும்பாது, குறுங்கோணம் இல்லை. முதல் மானியாக இதற்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம்.

முள் வைத்த செகானிக் எல்-398ஏ மானிக்கு ஒரு சொல் பாக்கி. வெயிலில் குமிழுக்குப் பின்னால் செருகும் துளையிட்ட தகடு, ஒளியை 32-இல் ஒரு பங்காக்கும். செருகினால் வட்டில் ஹெச் குறியைத்தான் முள் காட்டிய எண்ணோடு பொருத்த வேண்டும். மறந்தால் ஐந்து படி பிழை, படம் வெளுத்துப்போகும். 'சல்லடைத் தகடு' என்கலாமா?

———

சல்லடைத் தகடு நன்று. கையேட்டுக்கு எழுதிப் பார்த்தது இதோ, சரி பாருங்கள்:

'மானியை முகத்தருகே பிடித்துக் குமிழைக் கேமரா பக்கம் திருப்பிப் படுவொளியை அளக்கவும். கிட்டப்போக முடியாவிட்டால் குமிழை நகர்த்திவிட்டு மீளொளியை அளக்கவும். அளந்தது வெள்ளை என்றால் இரண்டு படி கூட்டவும், கறுப்பு என்றால் இரண்டு படி குறைக்கவும்.'

———

'குமிழை நகர்த்திவிட்டு' என்பது 308-க்குச் சரி. 398-இல் குமிழைக் கழற்றி வேறு முகப்பு மாட்ட வேண்டும். 'குமிழை நீக்கி' என்று போடுங்கள் தம்பி, இரண்டுக்கும் பொருந்தும்.