அமைதிக்கட்டுமானமா, அமைதிவளர்ப்பா?

> 'அமைதிக்கட்டுமானம்' என்றே வைத்துவிடலாமே ஐயா. ஐ.நா. புழங்கும் 'peacebuilding' என்ற சொல்லுக்கும் நேராக வருகிறது.

வணக்கம்ங்க. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் படிக்கப்போகிற சொல் இது. 'கட்டுமானம்' என்றால் அவர்கள் கண்ணுக்கு ஷெட்டும் சாலையும்தான் தெரியும். கட்டி முடித்துச் சாவியை ஒப்படைக்கிற வேலை இல்லைங்க இது.

'அமைதியாக்கம்' அதைவிட ஆபத்து. ஊரின் வாயை அடைப்பதும் அமைதியாக்கம்தான். 'இணக்கம்' நல்ல சொல், ஆனால் 'விதி இணக்கம்' என்று தணிக்கைக்குப் போய்விட்டது. நம் பக்கம் "ரெண்டு தரப்பும் ராசியாயிட்டாங்க" என்போம். அது உடன்பாட்டுக்குப் பொருந்தும். இங்கே பேசுவது உடன்பாட்டுக்குப் பிந்தைய வேலை. 1992-ல் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலியின் அறிக்கையே இரண்டையும் பிரித்துத்தான் வைத்தது.

எத்தியோப்பியாவைப் பாருங்க. ஆடைத் தொழிற்பூங்கா இருந்த ஹவாசா தெற்கே. 2020 நவம்பரில் போர் மூண்ட டிக்ரே வடகோடி. ஆனாலும் 2022 ஜனவரி 1 முதல் ஆப்பிரிக்க நாடுகளின் பொருள்களுக்குத் தந்த 'அகோவா' வரிச்சலுகையை அமெரிக்கா எத்தியோப்பியா முழுமைக்கும் நிறுத்தியது. அதே 2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அரசுக்கும் டிக்ரே தரப்புக்கும் உடன்பாடு கையெழுத்தானது. கையெழுத்தோடு சலுகை திரும்பிவிடவில்லை. போர், சொத்துப் பறிமுதல், பணம் வெளியே எடுக்கத் தடை ஆகியவற்றுக்கு ஈசிஜிசி (இந்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு உண்டு; சலுகையோடு போன ஆர்டரை அது மீட்டுத் தராது.

நிலம்தான் பெரிய சிக்கல். நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் பதிவான பத்திரம் மட்டுமே தெரியும். சண்டைக்குப் பயந்து ஓடியவரின் அனுபோகம் அதில் வராது. அவர் திரும்பி வந்து வழக்குப் போட்டால் வங்கி அந்த இடத்தை அடமானமாக ஏற்கத் தயங்கும், கடன் நிற்கும். அதனால் ஆலைக்கு நிலம் ஒதுக்கும் முன்பே உரிமை கோருவோர் பட்டியலை எல்லாத் தரப்பின் மொழியிலும் ஒட்டி, அகதி முகாம்களிலும் படித்துக்காட்டி, ஆட்சேபம் கேட்டு, இழப்பீட்டைத் தீர்க்க வேண்டும். ஒரே தரப்பு ஆட்களை வேலைக்கு எடுத்தால் பழைய பகை ஆலை வாசலிலேயே மூளும். இவை யாவும் அமைதிக்கான வேலை. முதலீட்டுக்கான வேலையும் இவையேதான்.

என் முன்மொழிவு: அமைதிவளர்ப்பு.

> 'வளர்ப்பு' என்றால் ஏற்கனவே இருப்பதை வளர்ப்பது என்றாகாதா?

ஆகும்ங்க. ஆகட்டும். துப்பாக்கி ஓய்ந்ததும் கிடைக்கிற அமைதி நாற்று மாதிரி, விட்டால் கருகும். அமைதிவளர்ப்பு நிதி, அமைதிவளர்ப்பாளர் என்று நீட்டவும் வருகிறது. அகராதிப் பதிவை இப்படி வைக்கலாம்:

அமைதிவளர்ப்பு (பெ.): சண்டை ஓய்ந்த இடத்தில் அது மீண்டும் மூளாதபடி நிலம், வேலை, நீதி ஆகியவற்றில் உள்ள காரணங்களைத் தீர்க்கும் நெடுநாள் பணி.