தப்பு செய்கிற மனிதர்கள் வரும் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வேறு என்ன இருக்கிறது?

மேன்ஷன்வாசி:
ரூமிகோ தகஹாஷியின் 'மேசோன் இக்கோக்கு' முடித்தேன். 1980 முதல் 1987 வரை தொடராக வந்தது, 15 தொகுதி. பழைய வாடகைக் கட்டடம், நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி படிக்கிற கோதாய், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வரும் இளம் விதவை கியோகோ. நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருப்பவன். கேட்காமலே அடுத்தவன் அறையில் புகுந்து குடிக்கிற ஆட்களையும், பரீட்சை முடியட்டும் என்று ஊருக்கே போகாதவர்களையும் தினம் பார்க்கிறேன். அதனால் கதை சட்டென்று ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பிடித்தது கியோகோவின் பொறாமைதான். கோதாய் மேல் ஆசை இருப்பதாக வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் அவனோடு பழகுகிற கோசுவே என்ற பெண்ணோடு அவனைப் பார்த்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கோதாய் மட்டும் ஒழுங்கா? கோசுவேயிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் தைரியமில்லாமல் வருடக்கணக்கில் இழுக்கிறான். பாவம் அந்தப் பெண். கியோகோவின் இறந்த கணவர் முகத்தை ஆசிரியர் கடைசிவரை காட்டவில்லை, ஆனால் அவர் பெயரைத்தான் நாய்க்கு வைத்திருக்கிறாள். அந்த மனிதரின் கல்லறை முன் நின்று, உங்களையும் சேர்த்துத்தான் அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான் கோதாய். அவ்வளவு சொதப்பியவன் வாயிலிருந்து வந்ததால்தான் அதை நம்பினேன்.

சண்டை மாங்கா பட்டியல் வேண்டாம். ஒருவர் செய்கிற தப்பு இன்னொருவரைச் சுடுகிற கதை இருந்தால் சொல்லுங்கள்.

வேளச்சேரி ஹாஸ்டல்:
அய் யாசாவாவின் 'நானா'. 2000இல் தொடங்கியது, ஆசிரியரின் உடல்நலக் குறைவால் 2009இல் நின்றது. 21 தொகுதி வந்திருக்கிறது, முடிவு இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். நானா என்றே பெயருள்ள இரண்டு பெண்கள் டோக்கியோ ரயிலில் சந்தித்து, 707ஆம் எண் வீட்டில் சேர்ந்து தங்குகிறார்கள். ஒருத்தி பாடகி, இன்னொருத்தியின் செல்லப் பெயர் ஹாச்சி.

கொரட்டூர் குமரன்:
ஹாச்சியைத் தாங்க முடியவில்லைங்க. அவளை நேசிக்கிற நோபு மாதிரி ஒரு பையன் இருக்கும்போது தகுமி என்ற இன்னொருவனிடம் போகிறாள். பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன்.

வேளச்சேரி ஹாஸ்டல்:
வயிற்றில் குழந்தை. பிள்ளையை நான் ஏற்கிறேன் என்று தகுமி உடனே சொல்கிறான், நோபு தடுமாறுகிறான். பயத்தில் எடுத்த முடிவு அது. நல்ல முடிவென்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பாடகி நானாவை ஏன் யாரும் கேட்பதில்லை? ஹாச்சி தன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் அவளை நோபுவோடு சேர்த்துவைக்கப் பார்க்கிறாள். அதுவும் சுயநலம்தானே? எனக்கு அவளைத்தான் அதிகம் பிடிக்கும், அது வேறு விஷயம்.

பெரம்பூர் அக்கா:
தம்பி, யோஷிதோகி ஓஇமாவின் 'எ சைலண்ட் வாய்ஸ்' படியுங்கள். 2013–14இல் வந்தது, ஏழே தொகுதி. காது கேளாத ஷோகோவைப் பள்ளியில் சித்திரவதை செய்த ஷோயா, வளர்ந்தபின் அவளைத் தேடிப் போகிறான். அவனைவிட கவாய் என்ற பெண்ணைக் கவனியுங்கள். கூடவே சிரித்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் 'நான் ஒன்றுமே செய்யவில்லை' என்று அழுவாள். அதை அவள் மனதார நம்புகிறாள் என்பதுதான் பயங்கரம். எங்கள் ஆபீஸில் அப்படி இருவர் உண்டு.

மேன்ஷன்வாசி:
நன்றி அக்கா, முதலில் ஏழு தொகுதி. அப்புறம் 'நானா'. தகுமி பற்றி இனி யாரும் வாய் திறக்காதீர்கள், படித்துவிட்டு வந்து குமரனோடு நானே சண்டை போடுகிறேன்.