உச்சிப்புளில ஸ்டேஷன் பக்கம் 3 சென்ட்டா, உள்ள தள்ளி 6 சென்ட்டா?

உச்சிப்புளி மாப்ள: வேலை ராம்நாட்ல. ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல 3 சென்ட் பாத்தேன், அதே காசுக்கு மெயின் ரோட்ட விட்டு 4 கிலோமீட்டர் உள்ள 6 சென்ட் வருது. எது வாங்கலாம்?

கீழக்கரை லாத்தா: 3 சென்ட்ட வாங்குங்க தம்பி. நாங்க சீப்பா கெடச்சுதுன்னு உள்ள போய் கட்டுனோம், பஸ்ஸ விட்டு எறங்குனா ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், மக டியூஷன் விட்டு வர்ற நேரத்துக்கு அவ வாப்பா வண்டிய எடுத்துட்டு போய் நிக்கணும், இப்ப அவளுக்கும் தனியா ஒரு வண்டி, நெலத்துல மிச்சம் புடிச்சத பெட்ரோல் பங்க்ல கொட்டுறோம். டவுன் பஸ் 2021லேர்ந்து பொம்பளைங்களுக்கு ஃப்ரீயாம், பஸ்ஸு வர்ற எடத்துல வீடு இருந்தாத்தானே!

மண்டபத்தான்: ரயில நம்பியா வீடு கட்டுவீங்க? பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ட்ரெயின் நின்னுச்சு, புதுப்பாலம் தொறந்தது 2025 ஏப்ரல்ல. ஒரு டூவீலர் போதும் மாப்ள, 6 சென்ட்ட வாங்கு.

ரயில் கிறுக்கன்: அண்ணே அப்ப தீவுக்காரங்கள காப்பாத்துனது பஸ்ஸுதானே? ரெண்டும் நிக்கிற எடத்துல கட்டுன்னுதான் சொல்றோம். தாம்பரம் வரைக்கும் 1931லயே கரண்ட் ட்ரெயின் ஓடுச்சு, அந்த லைன் நெடுக ஸ்டேஷன ஒட்டியே கடை, ஸ்கூல், வீடு. நெருக்கமா குடியிருந்தாத்தான் பஸ் விடுறவனுக்கும் கட்டுபடியாகும், காட்டுக்குள்ள இங்கொண்ணு அங்கொண்ணா கெடந்தா எந்த மினி பஸ் வரும்?

தங்கச்சிமடம் நாட்டுப்படகு: எல்லாம் ஆபீஸ் போறவங்க கணக்கு. விடியக்கால 3 மணிக்கு வலைய தூக்கிட்டு நான் ஸ்டேஷன்லேர்ந்தா வர முடியும்? தனுஷ்கோடிலயும்தான் ஸ்டேஷன் இருந்துச்சு, தலைமன்னாருக்கு கப்பலும் போச்சு, 1964 புயல்ல என்ன மிஞ்சுச்சு?

ரயில் கிறுக்கன்: அது கடல்கிட்ட இருந்ததால போச்சுண்ணே, ஸ்டேஷன் இருந்ததால இல்ல 😄 கடலுக்கு போறவங்க கரையிலதான் இருக்கணும், ஒத்துக்கிறேன். பஸ்ஸ அங்க கொண்டு வரணும்.

தங்கச்சிமடம் நாட்டுப்படகு: வருது. மீன் கூடைய பாத்தா நிக்காம போகுது. எங்க ஆத்தா பாதி நாள் ஷேர் ஆட்டோவுலதான் மார்க்கெட்டுக்கு போகுது.

மண்டபத்தான்: அது உண்மைதான். இருந்தாலும் 3 சென்ட்ல வண்டி எங்க நிப்பாட்டுவ?

கீழக்கரை லாத்தா: வண்டியே தேவைப்படாதுன்னுதானே சொல்றோம்!

உச்சிப்புளி மாப்ள: ஸ்டேஷன் பக்கம் போர் போட்டா உப்புத்தண்ணிங்குறாங்களே லாத்தா?

கீழக்கரை லாத்தா: எங்களுக்கு உள்ளயும் உப்புதான், குடம் காசுக்கு வாங்குறோம். தண்ணிய விடுங்க, கடைசி பஸ் எத்தன மணிக்கு வருதுன்னு ஒரு நாள் ஸ்டாப்புல நின்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

உச்சிப்புளி மாப்ள: நாளைக்கே நிக்கிறேன்.