செகண்ட் ஹேண்ட் போன்: முதலில் காசா, முதலில் ரீசெட்டா?

அல்சூர்வாசி:
ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் போன் வாங்கினால் ஏமாற்றம்தான், வாரண்டியோடு விற்கும் கடைக்கே போங்கன்னு பெங்களூரில் எல்லாரும் ஒரே பாட்டு. எனக்கு ஒப்பில்லை. நேரில் வைத்து அரை மணி நேரம் சோதித்தால் போதும். *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண் வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்றெழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண், இவ்வளவையும் 14422-க்கு எஸ்எம்எஸ் போடுங்க. பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் என்ற மூன்றில் எது வந்தாலும் நடையைக் கட்டுங்க. இரண்டு சிம் போன்னா இரண்டு எண்ணையும் அனுப்பணும். பெட்டியிலும் பில்லிலும் இருப்பது அதே எண்தானான்னும் பாருங்க.

மின்கலம்:
அந்த எஸ்எம்எஸ் இன்றைய நிலையைத்தான் சொல்லும். பறிகொடுத்தவர் போலீஸில் புகார் கொடுத்து, சிஇஐஆரில் (திருட்டுப் போன்களை முடக்கும் மத்திய அரசுப் பதிவேடு) பதிவு செய்த பிறகுதான் தடை விழும். நேற்று மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் திருடிய போன் இன்று சுத்தமாகத்தான் காட்டும், பத்து நாள் கழித்து சிம் எடுக்காது. திருட்டுப் பொருள்னு நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சங்கிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. பில் இல்லாத போனைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டு “எனக்கென்ன தெரியும்”னா எடுபடுமா? அதனால்தான் வாரண்டி தரும் கடையே மேல்னு சொல்கிறேன்.

பழைய_இரும்பு:
திருட்டைவிட இப்போது அதிகம் கவனிக்க வேண்டியது இஎம்ஐ போன். தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றுவிடுவார்கள். கட்டும் வரை போன் ஒழுங்காகத்தான் ஓடும். கட்டுவதை நிறுத்தியதும் ஃபைனான்ஸ் கம்பெனி தூரத்திலிருந்தே பூட்டிவிடலாம். அந்தப் பூட்டு ரீசெட்டைத் தாண்டியும் திரும்பி வரும்.

அதனால் இந்த வரிசையை மாற்றாதீங்க. முதலில் விற்பவர் தன் கூகுள் கணக்கை செட்டிங்ஸிலிருந்து நீக்கணும். ஐபோன்னா ஃபைண்ட் மை (தொலைந்த போனைத் தேடும் வசதி) அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியே வரணும். பிறகு செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட். கணக்கை நீக்காமல் வால்யூம், பவர் பட்டன்களை அழுத்தி ரிகவரியில் ரீசெட் செய்தால் பழைய கணக்கின் பாஸ்வேர்ட் கேட்டு போன் நின்றுவிடும். அடுத்து உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கில் முழுசாக செட்டப் முடியுங்க. இணையம் இல்லாமல் ‘ஸ்கிப்’ கொடுத்தால் பூட்டு கண்ணில் படாமல் போகலாம். கடைசியில் செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின்’னு தேடுங்க, போனைக் கட்டுப்படுத்த அனுமதி பெற்ற ஆப்களின் பட்டியல் அது. கடன் கம்பெனி பெயரோ, “உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது” என்ற வரியோ இருந்தால் விலை பேசவே வேண்டாம். “நானே ரீசெட் பண்ணி வெச்சிருக்கேன்”னு வரவேற்புத் திரையோடு நீட்டினாலும் இதே கதைதான், செட்டப் முடிந்தால்தான் காசு.

மின்கலம்:
ஏட்டில் சரி. காசு கைக்கு வராமல் எந்த விற்பவர் டேட்டாவை அழிப்பார்? பேரம் முறிந்தால் போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் போச்சே.

அல்சூர்வாசி:
முந்தைய நாளே பேக்கப் எடுத்து வரச் சொல்லணும். விற்கத் துணிந்தவருக்கு எப்படியும் அழிக்கும் வேலைதானே. போன் அவர் கையிலேயே இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பாஸ்வேர்ட் மட்டும் போடுங்க. இடம் மெட்ரோ நிலைய வாசலோ காபிக் கடையோ, கேமராவும் கூட்டமும் இருக்கணும். பணம் யுபிஐயில் போகட்டும், பெறுபவர் பெயர் பதிவாகும். அந்தப் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்பதே ஒரு சோதனை. “ஹோல்டு பண்ண 500 அனுப்புங்க”, “ராணுவத்தில் இருக்கேன், பார்சலில் வரும்” என்பவர்களுக்குப் பதிலே போடாதீங்க.

சில்லறைக்கணக்கு:
மின்கலம் சார் கடை வாரண்டியைக் கோயில் பிரசாதம் மாதிரி சொல்கிறார். அட்டையைத் திருப்பிப் படித்தீங்களா? 6 மாதம்னு பெரிசாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் திரை உடைவு, தண்ணீர் சேதம், சில சமயம் பேட்டரியும் சேராதுன்னு இருக்கும். பழைய போனில் வேறென்னதான் போகும்?

மின்கலம்:
மதர்போர்டு போகும். தண்ணீர் பட்ட போன் ஒரு மாதம் நன்றாக ஓடிவிட்டு, உள்ளே பூத்த அரிப்பால் படுத்துவிடும். அதை அரை மணி நேரத்தில் பிடிக்க முடியாது. கடைக்காரர் மாற்றித் தருவார், ஓஎல்எக்ஸ்காரர் உங்கள் எண்ணை பிளாக் செய்வார்.

பழைய_இரும்பு:
முழுசாகப் பிடிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐபோனில் சிம் தட்டை உருவி உள்ளே டார்ச் அடித்தால் ஒரு சிறு ஸ்டிக்கர் தெரியும். வெள்ளையாக இருந்தால் சரி, சிவப்பானால் தண்ணீர் தொட்டிருக்கு. சிம் ஊசி கொண்டுபோங்க. (அமெரிக்க ஐபோன் 14-இல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். மாடல் எண் எல்எல்/ஏ-ன்னு முடிந்தால் அமெரிக்க போனாக இருக்கும், யோசிங்க.)

திரைதான் பெரிய ஏமாற்று. அமோலெட்டை (கறுப்பை முழுக் கறுப்பாகக் காட்டும் திரை) எடுத்துவிட்டு மலிவு எல்சிடி காப்பி மாட்டியிருப்பார்கள். முழுக் கறுப்புப் படத்தைத் திறந்து கையால் மூடி இருட்டில் பாருங்க. சாம்பலாக ஒளிர்ந்தால் எல்சிடி. திரைக்குள் இருக்கும் கைரேகையும் அதில் வேலை செய்யாது. சாம்சங்கில் *#0*# அடித்தால் நிறம், டச், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே இடத்தில் சோதிக்கலாம். ஐபோன் 11 முதல் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட்டில் மாற்றிய திரை அசல் இல்லைன்னா ‘அன்னோன் பார்ட்’னு காட்டிக்கொடுக்கும்.

சில்லறைக்கணக்கு:
பேட்டரிக்கு என் அளவுகோல்: 4கே வீடியோ 10 நிமிடம் ஓடவிடணும். 4 சதவீதம் வரை இறங்கினால் பரவாயில்லை. 8 தாண்டினாலோ, 40-இலிருந்து 31-க்குத் தாவினாலோ பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழியுங்க. பிக்சல் 6ஏ வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்கணும்: 2025 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில போன்களில் 400 சார்ஜ் சுற்று தாண்டிய பேட்டரியின் கொள்ளளவை கூகுளே குறைக்கிறது.

மின்கலம்:
இத்தனையும் தெரிந்தவர் நேரில் வாங்கட்டும். ஊரில் அம்மாவுக்கு அனுப்ப முதல்முறை பழைய போன் தேடுகிறவருக்கு நான் இன்னமும் கடையைத்தான் காட்டுவேன்.

அல்சூர்வாசி:
காட்டுங்க. ஆனால் கடையில் வாங்கினாலும் அந்த எஸ்எம்எஸ்ஸை பில் போடும் முன்னாலேயே அனுப்பச் சொல்லுங்க.