கத்தி கேட்டு வந்தவர்கள்: பெங்களூரு வீட்டுப் பட்டறை அனுபவங்கள்

வீட்டில் கத்தி செய்கிறவர்கள், தங்களிடம் வந்த ஆட்களைப் பற்றி எழுதுங்கள் என்று நம் குழுவில் கேட்டிருந்தார்கள். எஃகு, பெல்ட், மோட்டார் பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசியாகிவிட்டது. ஒரு கத்தி எப்படி அமைய வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதை வாங்க வந்தவர்களின் கைகள்தான். அதனால் ஆர்டர் எடுக்கும் முன் அவர்கள் காய் நறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருவேன். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அல்சூரில் ஒரு அம்மா. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் எனக்கு போன் செய்து, "அண்ணா, அம்மாவுக்கு லேசா, ஜப்பான் மாடல்ல ஒரு நல்ல கத்தி செஞ்சு தாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். சமையல் மேடை முன்னால் நின்றுகொண்டு பீன்ஸை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். மேடைமேல் இருந்த கத்தி ஒன்றும் மட்டமில்லை, நல்ல கூர்தான். "சின்ன வயசுலேர்ந்து அருவாமனையில அரிஞ்ச கைப்பா இது. கத்தி எனக்கு நிக்க மாட்டேங்குது" என்றார்.

அருவாமனையில் அலகு அசையாது, காய்தான் அசையும். இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும். எவ்வளவு தள்ளுகிறோம் என்பது விரலுக்கே தெரியும். கத்தியில் எல்லாம் தலைகீழ். காய் பலகைமேல் கிடக்கும், ஒரு கை கத்தியை ஓட்டும், இன்னொரு கை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பழகிய கையை இந்த வயதில் ஏன் மாற்ற வேண்டும்? பரணில் கிடந்த பழைய அருவாமனையை இறக்கச் சொன்னேன். சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பலகையை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸில் ஐந்தாறைச் சேர்த்துப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். பேச்சு என்னோடு, கண் மகன் மேல். துண்டுகள் ஒரே அளவில் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன.

வழி அங்கேயே தெரிந்துவிட்டது. தரையில் காலோ தொடையோ பலகையை அழுத்தும். மேசையில் அந்த வேலையை ஒரு கிளாம்ப் செய்ய வேண்டும். அலகின் உயரமும் குறைய வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை தூக்கிக்கொண்டு தோள்பட்டை வலிக்கும். பழைய அலகின் வளைவை அட்டையில் வரைந்து வந்து, அடிப்பக்கத்தை மட்டும் குறைத்தேன். வளைவில் கை வைக்கவில்லை. 3 மில்லி ஓஎச்என்எஸ் தகடு (எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் கருவி எஃகு). கேஸ் உலையில் காந்தம் ஒட்டாத கட்டம் 770 டிகிரி வாக்கில் வரும். அதற்கும் கொஞ்சம் மேலே, 800 டிகிரி பக்கம் கொண்டுபோய், 60 டிகிரிக்குச் சூடேற்றிய எண்ணெயில் தோய்ச்சல். பிறகு உடையாமலிருக்க அந்தக் கடினத்தைக் கொஞ்சம் இறக்க, ஓடிஜி அவனில் 200 டிகிரியில் 2 மணி நேரம், ஆறவைத்து மறுபடியும் 2 மணி நேரம். கடினத்தன்மை அளவில் (எச்ஆர்சி) சுமார் 60 வரும். துருப்பிடிக்கும் எஃகுதான், புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும். அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "துடைச்சு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவணும், அவ்வளவுதானே" என்றார். மகனுக்கு முதலில் ஏமாற்றம். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, நுனியில் தேங்காய்த் துருவியும் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். வைத்துக் கொடுத்தேன். இதுவரை நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

ரசல் மார்க்கெட் பக்கம் கறிக்கடை வைத்திருக்கும் பாய் இதற்கு நேர்மாறு. நான் பெருமையாகக் கொண்டுபோன கத்தியைத் தன் தீட்டுக் கம்பியில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்து, "தம்பி, இது கம்பிக்கு மசியல" என்று திருப்பிக் கொடுத்தார். எலும்பில் படுகிற கத்தி மிகக் கடினமாக இருந்தால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். கம்பியில் நிமிர்த்தவும் வராது. அவருக்கு வேண்டியது, விளிம்பு மடங்கினாலும் கம்பியில் இரண்டு இழுப்பில் சரியாகிவிடும் கத்தி. லாரி பட்டை ஸ்பிரிங்கில் வரும் ஈஎன்45 எஃகில், 55 எச்ஆர்சி அளவுக்குப் பதத்தை இறக்கிச் செய்தேன். அந்த இறக்கத்துக்கு வேண்டிய சூடு என் வீட்டு அவனில் எட்டாது. பீன்யா தொழிற்பேட்டையில் கொடுத்துப் பதம் இறக்கி வாங்கினேன்.

அலை அலையாகக் கோடு தெரியும் டமாஸ்கஸ் கத்தி கேட்டு வரும் ஐடி தம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் படத்தில் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு எஃகை அடுக்கி உலையில் ஒட்டவைத்து அடித்த வேலை. கோடு தெரிய ஃபெரிக் குளோரைடில் முக்குவோம் (சர்க்யூட் போர்டு அரிக்க எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்பார்களே, அதேதான்). நிக்கல் உள்ள அடுக்கு வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். பழைய டமாஸ்கஸ் வாள்கள் வேறு வகை: மூசையில் (உருக்கும் மண் குடுவையில்) உருக்கிய உருக்கிலிருந்து வந்தவை, அதில் நம் தென்னாட்டு உருக்குக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளை ஆராய்ந்த சாரதா ஸ்ரீநிவாசன் நம் பெங்களூருவில் தேசிய உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். இதைச் சொன்னதும் அந்தத் தம்பிகளின் முகம் மாறும். அந்த முகத்துக்காகவே ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

பீன்யா உறுப்பினர்:

ஹீட் ட்ரீட்மென்ட் (எஃகைச் சூடாக்கிப் பதம் கொடுக்கும்) ஷாப்பில் ஃபர்னஸ் பார்க்கிறேன். வீட்டிலிருந்து கத்தி கொண்டுவருகிறவர்கள் இப்போது அதிகம், எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் "என்ன கிரேடு?" என்று கேட்டால், "பழைய பட்டறையில கிடைச்ச பட்டை சார், நல்ல எஃகு" என்கிறார்கள். ஓஎச்என்எஸ்ஸுக்கு 800 டிகிரி வாக்கில் போதும், டி2 என்ற இன்னொரு எஃகுக்கு 1,000க்கு மேல் போக வேண்டும். ஓஎச்என்எஸ்ஸை டி2 சூட்டில் வைத்தால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்மணிகள் பெருத்து, தட்டினாலே உடையும். கிரேடு தெரியாமல், ஒரே சூட்டில் வைக்கும் எந்த லோடில் சேர்ப்பது?

போன மாதம் ஜாலஹள்ளியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தார். அலகோடு சப்ளையர் சர்டிஃபிகேட், எத்தனை எச்ஆர்சி வேண்டும் என்று எழுதிய சீட்டு, எல்லாம் கையில். பிடிக்கான துளைகளை முன்கூட்டியே போட்டு அவற்றின் ஓரத்தை மழுக்கியிருந்தார். கூர் பக்கம் 1 மில்லி கனம் விட்டிருந்தார். அதை முன்னாலேயே மெல்லிசாகத் தேய்த்துவிட்டால் ஃபர்னஸில் நெளிந்துவிடும். எங்கள் ஓனர் அன்றைய ஓஎச்என்எஸ் லோடிலேயே சேர்த்து, கடினத்தன்மையும் பார்த்துக் கொடுத்தனுப்பினார். காசு வாங்கவில்லை.

ஒயிட்ஃபீல்டு உறுப்பினர்:

என்னிடம் ஒருவர் கடமான் கொம்போடு வந்தார், தாத்தா வீட்டில் இருந்ததாம், பிடி போட வேண்டுமாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொம்பு வியாபாரம் கூடாது, தானாக உதிர்ந்த கொம்பு என்றாலும் அதேதான். பணிவாக மறுத்தேன், கோபித்துக்கொண்டார். எருமைக் கொம்பில் ஒரு மாதிரி செய்து காட்டியதும் சமாதானமாகி அதையே எடுத்துக்கொண்டார். கத்தி செய்வதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவேன் என்று பயமுறுத்துகிறார் எனக் குழுவில் எழுதியவருக்கு: ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. எந்த வேலைக்கான கத்தி என்று பில்லில் எழுதிவிடுங்கள், வாள் கேட்டு வருகிறவர்களை ஏற்காதீர்கள். இரவு கிரைண்டர் போடாமல் இருந்தாலே பாதித் தகராறு தீரும்.

முதல் பதிவு எழுதியவர்:

அல்சூர் அம்மாவின் அருவாமனைக்கு அளவு கேட்டவர்களுக்கு: உங்கள் வீட்டு மேசையின் கனத்தையும், உட்கார்ந்தால் முழங்கை வரும் உயரத்தையும் அளந்து அனுப்புங்கள். கிரானைட் மேடை என்றால் கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் வைக்க வேண்டும், கல் ஓரம் பெயர்ந்துவிடும். பழைய அலகு இருந்தால் அட்டையில் வரைந்த வளைவையும் சேர்த்து அனுப்புங்கள்.